களைப்பு வருமுன் ஓய்வு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருக என்று அறிவிப்புப் பலகையில் கண்டவுடனே நம்மில் பலர் "உழைப்பே உயர்வு" என்னும் தலைப்பைத் தேடிப் போவது வழக்கம். உழைப்பின் பெருமையை நம் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களும் காலணி செய்யும் ஊர்களும் இங்கே வரிசையாக நிற்கின்றன. பொழுது விடிந்து சற்று நேரத்திற்கெல்லாம் கையில் சாப்பாட்டுத் தூக்குடன் தாய்மார்கள் கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் காத்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் தைத்த காலணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. உழைப்பதற்கு நமக்கு எவரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் உழைத்துக்கொண்டே உடலும் உள்ளமும் வாடாமல் பல்லாண்டு நிலைப்பது எவ்வாறு? இதைப் பற்றி எழுதுவார் குறைவு. "களைப்பாக இருக்கிறது" என்று ஒருத்தி சொன்னால், "சோம்பேறி" என்று சொல்லத்தான் நாலு பேர் வருவார்கள். எனவே இக்கட்டுரையில் களைப்பு என்றால் என்ன, அதை நம் ஊரிலேயே வாழ்ந்த சிலர் எப்படி ஆண்டார்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்க முயல்கிறேன்.

முதலில் சிறிது அறிவியல். நாம் உண்ணும் சோறும் கேழ்வரகும் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் உயிர்வளியோடு அது சேர்ந்து எரியும்போதுதான் தசைக்கும் மூளைக்கும் சக்தி பிறக்கிறது. அடுப்பெரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். அந்த உயிர்வளியைச் சுமந்து செல்லும் பொருள் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். ஹீமோகுளோபின் உண்டாக இரும்புச்சத்து வேண்டும். நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. "சும்மா உட்கார்ந்து படிப்பதற்கு என்ன களைப்பு?" என்று கேட்கும் பெரியோர்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டுகிறேன்!

ஆகவே களைப்பு என்பது பெரும்பாலும் மனத்தின் குற்றமன்று. அது உடல் அடிக்கும் மணி. விறகு குறைந்தாலும் மணி அடிக்கும், காற்று குறைந்தாலும் அடிக்கும், அடுப்பை அணைக்காமலே வைத்திருந்தாலும் அடிக்கும். மணியடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் ஓடுவதை நாம் வீரம் என்று நினைக்கிறோம். நம் ஊரின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

வேலூர் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது கோட்டையும் சி.எம்.சி. மருத்துவமனையும். அந்த மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நம் ராணிப்பேட்டையிலே பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை அழைத்த கதையை நாம் சிறு வகுப்பிலிருந்தே கேட்டிருக்கிறோம். அவருடைய தந்தையார் மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவரை அனுமதிக்க அம்மூவருமே மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டு வேலூருக்குத் திரும்பினார். வந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். தனி ஒருவராக ஓர் அறையில் தொடங்கிய மருத்துவம், 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பதினேழு மாணவியருடன் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் சிறியதொரு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் சென்று, வழியில் மரத்தடியில் காத்திருந்த நோயாளிகளுக்கும் மருந்தளித்தார்.

இவ்வளவு வேலை செய்தவர் இரவு பகலாக ஓய்வே இன்றி உழைத்திருப்பார் என்றுதான் எண்ணத் தோன்றும். நாம் மேடைப் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அவருடைய வாழ்க்கையைப் படித்தால் வேறொரு பக்கமும் தெரிகிறது. அவர் டென்னிஸ் ஆடினார். எப்போதாவது பொழுது போகாமல் ஆடியதன்று, வாழ்நாள் முழுதும் விட்டுவிடாமல் ஆடினார். அறுபத்தைந்தாம் வயதில் கோடைக்கானலில் ஒரு பந்தயத்தில், "ஒரு பாட்டியோடா நான் ஆடுவது?" என்று சலித்துக்கொண்ட இளம்பெண்ணை அவர் தோற்கடித்த செய்தியைப் பலரும் சுவையாகச் சொல்வதுண்டு. எண்பதைத் தொட்ட பின்னும் மட்டையைக் கீழே வைக்கவில்லையாம். ரோஜாத் தோட்டத்தில் அவருக்கு மிகுந்த பற்று. கோடை வந்துவிட்டால் மலைக்குச் செல்வார். 1946-இல் பணி ஓய்வு பெற்ற பிறகு கோடைக்கானலில் "ஹில்டாப்" என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம் எண்பத்தொன்பதாம் வயதில் அங்கேயே கண்மூடினார்.

கோடைக்கானல் என்ற ஊரே இப்படித்தான் பிறந்தது. மதுரைப் பக்கத்தில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பின்னரே, 1845-இல் அம்மலையில் வீடு கட்டினார்கள். படுக்கையில் விழுந்த பிறகு மலைக்குத் தூக்கிச் செல்வதைவிட, விழுமுன்னே ஆண்டுதோறும் சென்று வருவது மேல் என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

இங்கே ஒரு தோழி என்னிடம் கேட்ட கேள்வியை எழுதாமல் இருக்க முடியவில்லை. "துரைமார் கோடைக்கானல் போனார்கள் சரி. அவர்கள் வீட்டில் பங்கா இழுத்தவரும் துணி வெளுத்தவரும் கோடையில் எங்கே போனார்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. அவர்கள் எங்கும் போகவில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் இங்கேயே இருந்தார்கள். ஓய்வு சிலருக்கு உரிமையாகவும் பலருக்குக் கனவாகவும் இருந்த காலம் அது. இன்றும் முற்றிலும் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் மலைக்குப் போக இயலாதவர்களும் கைக்கொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. அதையும் நம் வேலூரிலேயே காணலாம்.

டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தில் 1925-இல் பிறந்து, சி.எம்.சி.யில் மருத்துவம் பயின்றவர். 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் உடன் பணியாற்றுவோருடன் உல்லாசப் பயணம் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. அவருடைய முதுகுத்தண்டு சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. முகத்திலும் காயம். இருபத்தெட்டு வயது! இனி இவரால் என்ன செய்ய முடியும் என்று உலகம் இரங்கியிருக்கும். அப்போது அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் காட்டிய வழியில், மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவரானார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1963-இல் சி.எம்.சி.யில் அத்துறையின் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறைந்தார்.

அவருடைய மனவுறுதியைப் போற்றிப் பேசுவோர் பலர். நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. இடுப்புக்குக் கீழ் உணர்வற்ற ஒருவர் நாற்காலியில் வெகுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால், அழுந்திய இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகிவிடும். வலி தெரியாததால் புண் வந்ததும் தெரியாது. அது ஆறப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் குப்புறப் படுத்தே கிடக்க நேரிடும். ஆகையால் கால் மணிக்கொரு முறை, மிஞ்சினால் அரை மணிக்கொரு முறை, இரு கைகளையும் ஊன்றி உடலைச் சற்றே தூக்க வேண்டும் அல்லது ஒரு பக்கம் சாய வேண்டும். வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போட முடியாது. வலி வந்த பிறகு ஓய்வெடுக்கலாம் என்று இருக்க இவர்களுக்கு வழியில்லை. வலிதான் வரவே வராதே! எனவே கடிகாரத்தைப் பார்த்து ஓய்வு கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதிலிருந்துதான் எனக்கு இக்கட்டுரையின் தலைப்புக் கிடைத்தது. நமக்கு உணர்வு இருக்கிறது. ஆனால் களைப்பு என்னும் மணி நமக்கும் தாமதமாகத்தான் கேட்கிறது. முழுவதும் களைத்த பிறகு படுத்தால் அரை நாள் ஆனாலும் தெளிவு வருவதில்லை. களைப்பதற்கு முன்பே ஐந்து நிமிடம் அமர்ந்தால் அந்த ஐந்து நிமிடமே போதுமானதாக இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவத்தில் இதைத் தனிப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். இதயம் பலவீனமானவர், மூச்சு நோய் உள்ளவர், மூட்டு வாதம் கண்டவர் ஆகியோருக்கு, இருக்கின்ற சக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் முறை கற்பிக்கப்படுகிறது. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் கடைசி வாரம் கடன்தானே? சக்தியும் அப்படியே என்கிறார்கள்.

அந்த முறை மிக எளியது, நம் சமையலறைக்கும் பொருந்துவது. கடினமான வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். துணி துவைப்பதும் தண்ணீர் சுமப்பதும் வீடு கழுவுவதும் ஒரே நாளில் சேர்ந்து வராதபடி வாரத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் எடுக்கும் பாத்திரமும் உப்பும் புளியும் குனியாமலும் எட்டாமலும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். (நம் வீடுகளில் அன்றாடம் வேண்டிய அரிசி டப்பா எப்போதும் அடிப் பரணில் இருப்பதும், தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சு கண்ணெதிரே இருப்பதும் ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்யக் கூடாது. நிரம்பிய குடத்தை ஒரே இடுப்பில் எப்போதும் சுமக்காமல் பக்கம் மாற்ற வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, இன்று செய்யாவிட்டாலும் குடி முழுகிவிடாத வேலை எது என்று பார்த்து அதை விட்டுவிடுவது. நம் தாய்மார்களுக்கு இந்தக் கடைசிப் பாடம் தலையில் ஏறவே ஏறாது!

எனக்கு இப்பொருளில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் தாயார்தான். அவர் ஒரு காலணிக் கம்பெனியில் அப்பர் பிரிவில், அதாவது காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, எங்கள் மூவருக்கும் டப்பா கட்டி, பாட்டிக்குக் கஞ்சி வைத்துவிட்டு வண்டியேறுவார். காலையில் அவர் வயிற்றுக்குள் போவது ஒரு தம்ளர் தேநீர் மட்டுமே. தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று அதையும் குறைத்துக்கொள்வார். மாலை வீடு திரும்பி இரவுச் சமையல். "கொஞ்சம் உட்காரும்மா" என்றால், "நான் உட்கார்ந்துட்டா வேலையை யாருடி பாக்கறது?" என்பார். சென்ற ஆடி மாதத்தில் மாடிப்படி ஏறுகையில் அவருக்கு மூச்சிரைத்தது, கண் இருண்டது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அம்மா பல மாதங்களாகக் காற்றில்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டுள்ளனர். நம் வயதுப் பெண்களிலும் ஏறக்குறைய அதே நிலைதான். மாதவிடாயால் இழக்கும் இரத்தத்திற்கு ஈடாக உணவில் இரும்புச்சத்துக் கிடைக்காமற்போவதும், வயிற்றுப் பூச்சியும் இதற்கு முக்கியக் காரணங்கள். களைப்பு, தலைச்சுற்றல், படிப்பில் கவனமின்மை, வெளுத்த கண்ணிமை ஆகியவை இதன் அடையாளங்கள். இப்படி உள்ளவளை "சோம்பேறி" என்பது, எண்ணெய் இல்லாத விளக்கைத் திட்டுவதற்கு ஒப்பாகும்.

மருத்துவர் அம்மாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். அதோடு அவர் சொன்ன ஒரு செய்தி எங்கள் எல்லோருக்கும் புதிதாக இருந்தது. சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் தேநீரோ காபியோ குடித்தால், உணவிலுள்ள இரும்பு உடலில் சேராமல் தடைப்படுகிறதாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டுமாம். அதற்கு மாறாக நெல்லிக்காய், எலுமிச்சம்பழம், கொய்யா போன்றவற்றை உணவோடு சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், எள், ஈரல் ஆகியவற்றில் இரும்பு உண்டு. இவற்றில் எதுவும் நமக்கு எட்டாத பொருளன்று. முருங்கை எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. பறிப்பாரின்றிக் காற்றில் உதிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடும் தோழியருக்கு அதுவும் இரும்புச்சத்துதான் என்பதை இங்கே அன்போடு நினைவூட்டுகிறேன்!

மாத்திரை மட்டும் போதாது என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பங்கிட்டோம். தண்ணீர் பிடிப்பது அப்பா. பாட்டிக்குக் கஞ்சியும் இரவுக்குக் குழம்பும் என் பொறுப்பு. எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி பாத்திரம் துலக்க வேண்டும். முதல் வாரம் அவன் முணுமுணுத்த முணுமுணுப்பைச் சொல்லி மாளாது. தெருவில் சிநேகிதர்கள் பார்த்துவிடுவார்களே என்று கொல்லைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு துலக்கினான். இப்போது கதவு திறந்திருக்கிறது. அம்மா காலையில் இரண்டு இட்லியாவது உண்ட பிறகே வண்டியேறுகிறார், கையில் தண்ணீர்ப் புட்டியும் உண்டு. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது ஹீமோகுளோபின் பத்தரைக்கு வந்திருந்தது. இன்னும் ஏற வேண்டும்.

வீட்டில் பங்கிட்டுக்கொள்வது ஒரு பாதி. வேலை செய்யும் இடத்தில் ஓய்வு கிடைப்பது மறு பாதி. அது தனி ஒருவரின் விருப்பத்தால் மட்டும் கிடைப்பதன்று, சட்டத்தால் கிடைப்பது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒருவரிடம் நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கும் வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணிக்கும் மேல் வேலை வாங்கலாகாது என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யும் முன் அரை மணியாவது இடைவேளை தர வேண்டும் என்றும் விதித்தது. வார விடுமுறையும் குடிநீரும், நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர இருக்கையும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. ஐந்து மணிக்குள் இடைவேளை என்பதைப் பாருங்கள். களைத்து விழுந்த பிறகு தருவதாக அதில் இல்லை. இவையெல்லாம் தாமாக வந்துவிடவில்லை. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது நம் சென்னைக் கடற்கரையில்தான். 1923-இல் சிங்காரவேலர் அதை நடத்தினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. துணிக்கடைகளில் நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் அக்காமார்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் நம் மாநிலத்தில் வந்தது 2021-இல்தான். உட்காருவதற்கும் சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா?

நம் கன்னியர் மடத்தில் இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்னிருந்தே ஒரு மணி இருக்கிறது. செபத்திற்கு ஒரு மணி, வேலைக்கு ஒரு மணி, உணவுக்கு ஒரு மணி, எல்லோரும் கூடிச் சிரித்துப் பேசும் நேரத்திற்கும் ஒரு மணி. மணி அடித்ததும் அருட்சகோதரியர் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். பாதி எழுதிய பதிவேட்டைக்கூட மூடிவிடுவார்கள். சிறு வயதில் இது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு வரிதானே, முடித்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். காந்தியடிகளும் வாரந்தோறும் திங்கட்கிழமை மௌன விரதம் இருந்தார் என்று படிக்கிறோம். நாட்டு விடுதலை வேலை அன்று மட்டும் குறைவாகவா இருந்திருக்கும்?

இனி நம் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கு வருவோம். விடிய விடியக் கண்விழித்துப் படித்ததாகப் பெருமை பேசும் தோழியர் நம் வகுப்பில் ஐந்தாறு பேராவது இருப்பர். பெயர் சொல்ல மாட்டேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்கவியல் மருத்துவர்கள் கூறுகிறார்கள். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைத்துக்கொள்வது தூங்கும்போதுதான். படித்துவிட்டுத் தூங்காமல் இருப்பது, கடையில் வாங்கிய சாமான்களை வீட்டிற்குள் எடுத்து வைக்காமல் திண்ணையிலேயே விட்டுவிடுவது போன்றது. காலையில் பாதி இருக்காது. இரவு பத்துக்குப் படுத்து விடியலில் எழுவோர் எட்டு மணியைத் தொட ஆறு மணிக்கு எழுந்தாலே போதும். படுக்கைக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொள்வது பற்றி நான் எழுதப் புகுந்தால் தோழியரே என்மீது கோபம் கொள்வார்கள். எனவே, வேறு அறையில் வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். படிக்கும்போதும் நம் பள்ளிப் பாடவேளையைப் போலவே முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து, தண்ணீர் குடித்து, முற்றத்தில் நாலு நடை நடந்து வந்து உட்காருவது நல்லது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தந்துவிடும் வழக்கம் தேர்வு நெருங்கும்போது எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. டாக்டர் ஐடா அம்மையார் இருந்திருந்தால் இதற்கு உடன்பட்டிருப்பாரா என்று ஆசிரியைகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். அந்தச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சிறு சோதனை போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஹீமோகுளோபின் சோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். விரல் நுனியில் ஒரு குத்து; எறும்பு கடித்தது போல இருக்கும். அடுத்த விடுமுறை நாளில் போய் வாருங்கள். போகும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தனக்கு ஒன்றுமில்லை, உனக்கு மட்டும் பார்த்துக்கொள் என்றுதான் சொல்வார், கேட்காதீர்கள்.